பச்சை விளக்கைப் பார்த்துட்டு காலை எடு! குன்னூர் மலைப்பாதையில் ‘ஆட்டோ ஹோல்டு’ கற்றுக்கொடுத்த பாடம்

என் அப்பாவுக்கு ஊட்டி என்றால் ஊர் அல்ல, போகிற வழி. மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாறு பாக்குத் தோப்புகள் ஆரம்பித்ததும் ஏ.சி-யை அணைத்துவிடுவார். நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, “இனிமே மலைக்காத்து வரும், அது போதும்” என்பார். கோவை கவுண்டம்பாளையத்தில் இருக்கிறது எங்கள் வீடு. வாசலில் இறங்கி மேட்டுப்பாளையம் ரோட்டைப் பிடித்தால் நேராக மலைதான். அதனால் வருடத்துக்கு இரண்டு தடவையாவது போய்விடுவோம். தங்க மாட்டோம். காலையில் கட்டுச்சோறோடு கிளம்பி, ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவோம்.

அந்தப் பழக்கம் இரண்டு வருடங்களாக நின்றுபோயிருந்தது. காரணம், அப்பாவின் இடது முழங்கால். மூட்டுத் தேய்மானம். மலைப்பாதையில் கிளட்ச்சை எத்தனை தடவை மிதிக்க வேண்டும் என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும். கடைசியாகப் போய்விட்டு வந்த ராத்திரி, கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டவும் முடியாமல் மடக்கவும் முடியாமல் இருந்தார். “கிளட்ச் மிதிக்கறதைக் குறைச்சுக்கங்க” என்று டாக்டர் சொன்னதற்கு, “சரிங்க” என்றார். அதற்குப் பிறகு கார் சாவியைத் தொடவே இல்லை. பக்கத்துத் தெரு மளிகைக் கடைக்குக்கூட தம்பியைத்தான் அனுப்பினார்.

நானும் தம்பியும் பேசிவைத்து, பழைய காரைக் கொடுத்துவிட்டு, மிச்சத்துக்கு பேங்க் லோன் போட்டு ஒரு ஆட்டோமேட்டிக் கார் வாங்கினோம். கிளட்ச் இல்லை, இடது காலுக்கு வேலை இல்லை. டெலிவரி எடுக்கும்போது கியர் லீவருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பட்டன் இருந்தது. ‘ஆட்டோ ஹோல்டு’ என்று எழுதியிருந்தது. “இது எதுக்குக் கண்ணு?” என்றார் அப்பா. எனக்குத் தெரியும் என்கிற தோரணையில், “நின்னா நிக்கும்பா. கால் வெக்க வேண்டியதில்லை” என்றேன்.

அந்த அரைகுறை பதிலுக்கான விலையைக் குன்னூர் மலைப்பாதையில் கொடுக்கத் தெரிந்தேன். அந்தக் கதைதான் இது.

சிக்னலில் கால் சும்மா இருக்கலாம்!

மே மாதம், ஒரு சனிக்கிழமை. அப்பா, அம்மா, அம்முச்சி, நான். தம்பிக்கு டூட்டி. நீலகிரிக்குப் போக இ-பாஸ் வேண்டுமே? சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இந்த நடைமுறை இருக்கிறது. முந்தின நாளே மொபைலில் பதிவு செய்துவைத்திருந்தேன்.

காலை 5.30-க்கு அப்பா டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். இரண்டு வருடங்களுக்குப் பிறகு மலைக்கு! “மாப்பிள்ளை, பாத்து மெதுவாப் போங்க” என்று பின்னால் இருந்து அம்முச்சி ஆரம்பித்துவிட்டார்.

ஆட்டோமேட்டிக் கார் ஓட்டுபவர்களுக்கு ஒரு சின்னத் தொல்லை உண்டு. கியர் ‘டி’-யில் இருக்கும்போது பிரேக்கை விட்டால், ஆக்ஸிலரேட்டர் தொடாமலேயே கார் மெதுவாக ஊர்ந்து போகும். அதனால் சிக்னலில் நிற்கிற ஒன்றரை நிமிடமும் வலது காலால் பிரேக்கை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். இடது காலுக்குக் கிடைத்த ஓய்வுக்கு, வலது கால் வட்டி கட்டும். துடியலூரில் நின்றபோது அப்பா வலது தொடையை நீவிவிட்டுக்கொண்டார். “அந்த பட்டனை அமுக்குங்கப்பா” என்றேன்.

அமுக்கினார். டிரைவருக்கு முன்னால் இருக்கும் டிஸ்ப்ளேயில் வெள்ளை நிறத்தில் ஓர் எழுத்து வந்தது. அடுத்து நின்றபோது பிரேக்கை அழுத்தி காரை முழுசாக நிறுத்தியதும், அந்த எழுத்து பச்சையாக மாறியது. “இப்போ காலை எடுங்க.” எடுத்தார். கார் அசையவில்லை. காலைக் கீழே வைத்து, விரல்களை நீட்டி மடக்கினார். முன்னால் இருந்த பஸ் நகர்ந்ததும் ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தொட்டார். பச்சை வெள்ளையானது, கார் நகர்ந்தது.

“அட!” என்றார். காரமடை வருவதற்குள் அவருக்கு அது விளையாட்டாகிவிட்டது.

உள்ளே என்ன நடக்கிறது?

ரொம்ப எளிமையான விஷயம்தான். நாம் பிரேக்கை மிதிக்கும்போது, குழாய்களில் இருக்கும் பிரேக் ஆயிலில் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தம்தான் சக்கரங்களில் இருக்கும் பிரேக் பேடுகளை இறுக்குகிறது. காலை எடுத்தால் அழுத்தம் இறங்கிவிடும். ஆட்டோ ஹோல்டு என்ன செய்கிறது என்றால், கார் முழுசாக நின்றதும் அந்த அழுத்தம் திரும்பிப் போகாமல் வால்வுகளை மூடிவிடுகிறது. வழுக்கலில் கார் சுழன்றுவிடாமல் காப்பாற்ற இ.எஸ்.சி என்று ஓர் அமைப்பு இருக்கிறது இல்லையா, அதன் வால்வுகளே இதற்கும் பயன்படுகின்றன. நம் கால் செய்த வேலையை அந்த வால்வு செய்கிறது, அவ்வளவுதான். பின்னால் வருபவருக்குத் தெரியும்படி பிரேக் லைட்டும் எரிந்துகொண்டே இருக்கும்.

இதை வேலைசெய்யவிட கார் சில நிபந்தனைகள் வைக்கும். டிரைவர் பக்கக் கதவு மூடியிருக்க வேண்டும். பெரும்பாலான கார்களில் சீட் பெல்ட்டும் போட்டிருக்க வேண்டும். எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் இருக்கிற கார்களில்தான் பொதுவாக இந்த வசதி வரும். ஒரு காலத்தில் விலை உயர்ந்த கார்களில் மட்டும் பார்த்தது, இப்போது நடுத்தரக் குடும்பங்கள் வாங்குகிற சின்ன எஸ்.யூ.வி-களிலும் வந்துவிட்டது. ஆனால், வாங்கியவர்களில் எத்தனை பேர் அந்தப் பட்டனைப் பற்றி கையேட்டில் இருக்கும் இரண்டு பக்கங்களைப் படித்திருப்போம்? நான் படிக்கவில்லை.

கல்லாறு தாண்டினால்...

மேட்டுப்பாளையத்தில் பவானி ஆற்றுப் பாலம் தாண்டினால் வழி இரண்டாகப் பிரியும். ஒன்று குன்னூர் வழியாக ஊட்டி, இன்னொன்று கோத்தகிரி. சீசன் நாட்களில் குன்னூர் ரோட்டில் ஏறி, கோத்தகிரி ரோட்டில் இறங்கும்படி ஒருவழிப்பாதையாக மாற்றிவிடுவார்கள். நாங்களும் அப்படித்தான் போனோம். கல்லாறு செக்போஸ்ட்டில் இ-பாஸைக் காட்டிவிட்டுக் கிளம்பியதும், வழக்கம்போல ஏ.சி அணைந்தது, கண்ணாடிகள் இறங்கின.

இந்தப் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளத்தாக்கு. கைப்பிடிச் சுவர் மேல் வரிசையாகக் குரங்குகள். முன்னால் போன அரசுப் பேருந்து ஒரு வளைவில் திரும்பும்போது ரோட்டின் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டது. பின்னால் நாங்கள் எல்லோரும் ஏற்றத்தில் நின்றோம். பழைய காராக இருந்தால் இந்த இடத்தில்தான் அப்பாவின் வித்தை தெரியும். ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கிளட்ச்சைப் பாதி விட்டு, வண்டி லேசாக அதிரும்போது ஹேண்ட்பிரேக்கை விட்டு... ஒரு இன்ச் பின்னால் போகாது. எனக்கு டிரைவிங் சொல்லிக்கொடுத்தபோது இதே ரோட்டுக்குக் கூட்டிவந்து, “மலையில ஏறுற வண்டிக்குத்தான் முதல் உரிமை. ஆனா நீ பின்னாடி உருண்டீன்னா அந்த உரிமை போச்சு” என்று சொன்னவர்.

இப்போது அந்த வித்தைக்கு வேலையே இல்லை. நின்றார், பச்சை வந்தது, காலை எடுத்தார். பஸ் திரும்பியது, ஆக்ஸிலரேட்டரைத் தொட்டார், கார் முன்னால் போனது. “முட்டி வலிக்குதுங்களா?” என்று அம்மா கேட்டார். “எந்த முட்டி?” என்றார் அப்பா. அம்மா சிரித்ததைக் கண்ணாடியில் பார்த்தேன்.

பர்லியாறில் நிறுத்தினோம். பழக்கடைகளும் டீக்கடைகளும் இருக்கிற இடம். அங்கே இருக்கும் அரசுத் தோட்டக்கலைப் பண்ணையில் மங்குஸ்தானும் துரியனும் விளைகின்றன. பலாப்பழ சீசனில் யானைகள் இந்தப் பக்கம் வரும் என்பதால், எங்கே வேண்டுமானாலும் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கக் கூடாது. கடைகள் இருக்கிற இடத்தில் நிறுத்தி டீ குடித்தோம். “மீதி மலையை நான் ஏத்தறேன்பா. நீங்க வேடிக்கை பாருங்க” என்றேன். அப்பா சாவியைக் கொடுத்தார்.

அந்த இரண்டு நொடி

பர்லியாறைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மறுபடியும் வரிசை நின்றது. நல்ல ஏற்றம். பிரேக்கை அழுத்தி நிறுத்தினேன். அம்முச்சிக்கு வளைவில் தலை சுற்றல் வந்து, “கண்ணு, அந்த எலுமிச்சம்பழத்தை எடு” என்றார். பழம் முன்னால் இருந்த பையில். பிரேக்கில் இருந்து காலை எடுத்தேன். கார் நின்றது. சரி, பிடித்துக்கொண்டது என்று குனிந்து பையில் கையைவிட்டேன்.

மனதுக்குள் ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணுங்கள். அவ்வளவு நேரம்தான். கார் பின்னால் உருள ஆரம்பித்தது.

பின்னால் இருந்து ஹாரன் சத்தமும் ஒரு பெண்ணின் அலறலும் ஒன்றாகக் கேட்டன. என் கால் பிரேக்கைத் தேடிய அதே நேரத்தில், அப்பாவின் வலது கை எங்கள் இருவருக்கும் நடுவில் பாய்ந்தது. பழைய காரில் ஹேண்ட்பிரேக் லீவர் இருந்த இடம் அது. இந்த காரில் அங்கே லீவர் இல்லை, பார்க்கிங் பிரேக்கின் சின்ன சுவிட்ச்தான் இருக்கிறது. அதை மேலே இழுத்துப் பிடித்தார். கார் குலுங்கி நின்றது.

கண்ணாடியில் பார்த்தேன். ஒரு பைக். ஓட்டுபவர் இரண்டு கால்களையும் தரையில் ஊன்றியிருந்தார். பின்னால் மனைவி, நடுவில் நாலு வயது இருக்கும் ஒரு பையன். எங்கள் பம்பருக்கும் அவர்கள் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கும். அவருக்குப் பின்னால் ஒரு வேன் ஒட்டி நின்றதால், அவர் பின்னால் நகரவும் வழியில்லை.

அப்பா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, “மன்னிச்சுக்கங்க தம்பி” என்றார். அவர் பையனின் தலையில் கைவைத்தபடி, “பாத்துங்கண்ணா, குழந்தை இருக்குது” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை என்றிருந்திருக்கும்.

ஏன் உருண்டது?

குன்னூர் போய்ச் சேர்ந்த பிறகுதான் மொபைலில் அந்த காரின் கையேட்டை எடுத்து ஒழுங்காகப் படித்தேன். நான் செய்தது ஒரு தப்பு அல்ல, இரண்டு.

முதல் தப்பு: பர்லியாறில் இன்ஜினை அணைத்துவிட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்தோம். எங்கள் காரில் இன்ஜினை அணைத்தால் ஆட்டோ ஹோல்டும் அணைந்துவிடும். ஒவ்வொரு தடவையும் பட்டனை அமுக்க வேண்டும். கடைசியாக என்ன வைத்திருந்தோமோ அதை ஞாபகம் வைத்துக்கொள்கிற கார்களும் இருக்கின்றன. எங்களுடையது அந்த ரகம் இல்லை. காலையில் அப்பா அமுக்கியது பர்லியாறோடு முடிந்துவிட்டது.

இரண்டாவது தப்பு இன்னும் முக்கியமானது. ஆட்டோ ஹோல்டு இல்லை என்றால், காலை எடுத்ததும் கார் ஏன் நின்றது? அதற்குப் பெயர் ‘ஹில் ஹோல்டு’. இது வேறு வசதி. ஏற்றத்தில் பிரேக்கில் இருந்து ஆக்ஸிலரேட்டருக்குக் காலை மாற்றுகிற அந்த இடைவெளியில் கார் உருளாமல் இருப்பதற்காக, ஓரிரு நொடிகள் மட்டும் பிடித்துக்கொள்ளும். பிறகு தானாக விட்டுவிடும். இதற்குப் பெரும்பாலும் பட்டனும் கிடையாது, பச்சை விளக்கும் கிடையாது. ஹில் ஹோல்டு பிடித்ததை ஆட்டோ ஹோல்டு பிடித்தது என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்த இரண்டு நொடிதான் என்னை ஏமாற்றியது.

‘டி’ கியரில் கார் முன்னால் ஊர்ந்து போகத்தானே செய்யும், எப்படிப் பின்னால் வரும் என்று தோன்றலாம். அந்த ஊர்ந்துபோகும் சக்தி சமதளத்துக்குத்தான் போதும். நாலு பேரை ஏற்றிக்கொண்டு மலை ஏற்றத்தில் நிற்கும் காரை அது தாங்காது.

அப்பா இழுத்த சுவிட்ச்சைப் பற்றியும் கையேட்டில் இருந்தது. எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் சுவிட்ச்சை வண்டி ஓடும்போது இழுத்துப் பிடித்தால், அதை அவசர பிரேக்காக எடுத்துக்கொண்டு கார் நிற்கும். அப்பாவுக்கு அது தெரியாது. 30 வருடப் பழக்கத்தில் கை தானாகப் போனது. என் கால் முந்தியதா, அப்பா கை முந்தியதா என்று வீட்டில் இன்னும் தீர்ப்பு வரவில்லை. அம்முச்சியின் ஓட்டு மாப்பிள்ளைக்குத்தான்.

“எரிஞ்சுச்சா?”

உருண்டு நின்ற பிறகு இரண்டு வளைவுகள் வரை அப்பா எதுவும் பேசவில்லை. பிறகு கேட்டார்.

“கண்ணு, ஹேண்ட்பிரேக் இழுத்தா கைக்குத் தெரியும். ‘கர்ர்’னு சத்தம் கேக்கும். லீவர் மேல தூக்கிட்டு நிக்கும். இதுல புடிச்சிருக்குன்னு எப்படித் தெரியும்?”

“பச்சை லைட் எரியும்பா.”

“எரிஞ்சுச்சா?”

நான் பதில் சொல்லவில்லை.

“லைட்டைப் பாத்துட்டுக் காலை எடு. எரியலைன்னா எடுக்காதே. அவ்வளவுதான்” என்றார். குரலில் கோபம் இல்லை. டிரைவிங் சொல்லிக்கொடுத்த நாட்களில் இருந்த அதே குரல்.

யோசித்துப் பார்த்தால், நகரத்தில் இந்தத் தப்பைச் செய்திருந்தால் கார் கொஞ்சம் ஊர்ந்து போயிருக்கும், நான் பிரேக்கைப் போட்டிருப்பேன், மறந்தும் போயிருப்பேன். தினமும் சிக்னலில் பழகுகிற ஒரு வசதியை, நாம் பார்க்காமலேயே நம்ப ஆரம்பித்துவிடுகிறோம். மலையில் அந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு பைக் நிற்கிறது.

ரயில்வே கேட்டில்...

குன்னூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கும் ரயில்வே கேட் மூடியிருந்தது. பட்டனை அமுக்கினேன். வெள்ளை. பிரேக்கை அழுத்தி நின்றேன். பச்சை. வாய்விட்டே, “பச்சை” என்று சொல்லிவிட்டுத்தான் காலை எடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் நீலமும் வெளிர் மஞ்சளுமாக மலை ரயில் கண்ணில் பட்டது. பின்னால் அம்முச்சி தலைசுற்றலை மறந்து எட்டிப்பார்த்தார். 1899-ல் மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் வரைக்கும், 1908-ல் ஊட்டி வரைக்கும் ஓட ஆரம்பித்த ரயில் இது. 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. கல்லாறில் இருந்து குன்னூர் வரை ஏற்றம் மிக அதிகம். சில இடங்களில் 12 அடி போவதற்குள் ஓர் அடி உயர வேண்டும். அதனால் அங்கே தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வைத்த இன்னொரு தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். இன்ஜினுக்குக் கீழே இருக்கும் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டுதான் ஏறும். இன்ஜினும் முன்னால் நின்று இழுக்காது. கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளைத் தாங்கித் தள்ளிக்கொண்டு வரும்.

அப்பா பெட்டியின் முகப்பைக் காட்டினார். மலை ரயிலில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்ஸ்மேன் உண்டு. பெட்டி முகப்பில் நின்று, சிக்னலுக்குத் தகுந்தபடி அந்தப் பெட்டியின் பிரேக்கை இயக்குவார்.

“பல்லு கவ்விப் புடிக்குது, இன்ஜின் முட்டுக் குடுக்குது. அப்பவும் பொட்டிக்கு ஒரு ஆளைப் பாக்கறதுக்குன்னு நிக்க வெச்சிருக்காங்க பாரு” என்றார் அப்பா. எனக்காகச் சொன்னாரா, ரயிலைப் பற்றிச் சொன்னாரா தெரியவில்லை.

கேட் திறக்க நேரம் ஆனது. டிரைவர் சீட்டில் இருந்தபடியே பின்னால் திரும்பி தண்ணீர் பாட்டிலை வாங்க சீட் பெல்ட்டைக் கழற்றினேன். உடனே பின் சக்கரங்கள் பக்கம் ‘ர்ர்ர்’ என்று ஒரு மோட்டார் சத்தம். பார்க்கிங் பிரேக்கின் சிவப்பு விளக்கு எரிந்தது. பயந்துவிட்டேன். ஆனால், இது கார் நல்லதுக்குச் செய்ததுதான். டிரைவர் பெல்ட்டைக் கழற்றினாலோ கதவைத் திறந்தாலோ, ஹோல்டில் இருக்கும் கார் தானாகப் பார்க்கிங் பிரேக்குக்கு மாறிக்கொள்ளும். ரொம்ப நேரம் ஹோல்டிலேயே நின்றாலும் இப்படித்தான். பல கார்களில் 10 நிமிடம் வாக்கில் இது நடக்கும். ஆயில் அழுத்தத்தை மணிக்கணக்கில் பிடித்துவைக்க முடியாது. பார்க்கிங் பிரேக் அப்படி இல்லை. சின்ன மோட்டார் பின் சக்கர பிரேக்கை இறுக்கிப் பூட்டிவிடும், இன்ஜின் அணைந்தாலும் பிடி விடாது.

அதற்காக, ‘கார் பார்த்துக்கொள்ளும்’ என்று ஹோல்டிலேயே விட்டுவிட்டு இறங்கக் கூடாது. ஆட்டோ ஹோல்டு நிற்பதற்கு மட்டும்தான், நிறுத்திவிட்டுப் போவதற்கு அல்ல. இறங்க வேண்டும் என்றால் ‘பி’ கியர், பார்க்கிங் பிரேக், பிறகு இன்ஜின் ஆஃப். மலையில் நிறுத்தினால், முன் சக்கரத்தை ஓரத்துச் சுவர் பக்கம் திருப்பிவைத்துவிட்டு இறங்குவார் அப்பா. அந்தப் பழக்கத்துக்கு எந்த பட்டனும் ஈடு இல்லை.

பார்க்கிங்கில் அணைத்துவிடுங்கள்!

1874-ல் உருவான சிம்ஸ் பூங்காவுக்குப் போனோம். மே மாதத்தில் பழக் கண்காட்சி நடக்கும் இடம். கூட்டத்துக்குக் கேட்க வேண்டுமா? ரோட்டோரம் இரண்டு கார்களுக்கு நடுவில் ஒரு சின்ன இடம் கிடைத்தது. ஒரு அண்ணன், “வா... வா... வா... லெஃப்ட்டு ஒடி” என்று கைகாட்ட, நான் ரிவர்ஸில் போனேன்.

இங்கேதான் ஆட்டோ ஹோல்டின் இன்னொரு குணம் தெரிந்தது. பார்க்கிங் செய்யும்போது நாம் அரை அடி நகர்ந்து நிற்போம், மறுபடி அரை அடி நகர்வோம். பிரேக்கை மட்டும் விட்டு விட்டுப் பிடித்தால் போதும், கார் ஊர்ந்து போகும். ஆனால், ஹோல்டு போட்டிருந்தால் ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் பிடித்துக்கொள்ளும். விடுவிக்க ஆக்ஸிலரேட்டரை மிதிக்க வேண்டும். கொஞ்சம் அழுத்திவிட்டால் கார் துள்ளும். அரை அடி இடத்தில் துள்ளினால் என்ன ஆகும்? ஒரு தடவை துள்ளியதும் கைகாட்டிய அண்ணன் பின்னால் குதித்தார். “அதை அணைச்சுட்டு வாம்மா” என்றார் அப்பா. பிரேக்கை அழுத்தியபடி பட்டனை அமுக்கி அணைத்தேன். அடுத்த முயற்சியில் கார் பூனைபோல உள்ளே போனது.

கராஜுக்குள் விடும்போது, குறுகலான சந்தில் திரும்பும்போது, கன்வேயரில் காரை இழுத்துக் கழுவும் இடங்களில் எல்லாம் இதை அணைத்துவிடுவதுதான் நல்லது.

இறக்கத்தில் இதற்கு வேலை இல்லை

சாயங்காலம் கோத்தகிரி வழியாக இறக்கம். சாவியை அப்பாவிடம் கொடுத்தேன். “இறங்கறப்போ இந்த பட்டன் ஏதாவது செய்யுமா?” என்று கேட்டார். இப்போது படித்துவிட்டதால் தைரியமாகச் சொன்னேன், “ஒண்ணும் செய்யாதுப்பா.”

ஆட்டோ ஹோல்டு நின்றுவிட்ட காரைப் பிடித்துவைக்கும். ஓடுகிற காரின் வேகத்தைக் குறைக்காது. இறக்கத்தில் காப்பாற்றுவது சின்ன கியர்தான். அப்பா கியரை மேனுவல் பக்கம் தள்ளி இரண்டாவதில் வைத்தார். இன்ஜின் ‘ம்ம்ம்’ என்று உறுமிக்கொண்டே காரைப் பிடித்து இறக்கியது. பிரேக்கைத் தேவைப்படும்போது மட்டும் தொட்டார். ‘ஆட்டோமேட்டிக் ஆச்சே’ என்று ‘டி’-யிலேயே விட்டு, வழியெல்லாம் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பேடுகள் சூடாகும். ரொம்பச் சூடானால் மிதித்தாலும் பிடிக்காது. வழியில் ஒரு வளைவில் வேன் ஒன்று ஓரம் கட்டியிருந்தது. கருகிய வாசம் எங்கள் காருக்குள் வரை வந்தது. டிரைவர் சக்கரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

குஞ்சப்பனை தாண்டி, கீழே மேட்டுப்பாளையத்து விளக்குகள் தெரிய ஆரம்பித்தபோது அம்முச்சி தூங்கிவிட்டார். அப்பா ரேடியோவில் பாட்டுப் போட்டார். இரண்டு வருடங்களாக அவர் காரில் பாட்டுப் போட்டு நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் உட்கார்ந்து முழங்காலை மடக்கினார், நீட்டினார். “வலி இல்லாமலா இருக்கும்? ஆனா, அன்னிக்கு மாதிரி இல்லை” என்றார். அடுத்து வால்பாறை என்றார். அங்கே ஆழியாறில் இருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். “முதல்ல அந்த கையேட்டை எனக்குத் தமிழ்ல படிச்சுச் சொல்லு” என்று ஒரு நிபந்தனை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து படித்துச் சொன்னேன். விளக்கின் நிறம், பெல்ட் நிபந்தனை, எத்தனை நிமிடம் என்பதெல்லாம் காருக்குக் கார் மாறும். உங்கள் காரின் கையேட்டில் அந்த இரண்டு பக்கங்களைத் தேடிப் படித்துவிடுங்கள். பத்து நிமிட வேலை.

இப்போது அப்பா தினமும் கார் எடுக்கிறார். ஸ்டார்ட் செய்து பெல்ட் போட்டதும் பட்டன். ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் டிஸ்ப்ளேயைப் பார்த்து, “பச்சை வந்துருச்சு” என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் காலை எடுக்கிறார். போன வாரம் சாயிபாபா காலனி சிக்னலில் அப்படிச் சொன்னதும் அம்மா பதறிப்போய்விட்டாராம்.

“ஏனுங்க, செவப்புதானுங்க எரியுது! எங்கீங்க பச்சை?”